கடிக்கும் ஃபெரெட்டைக் கைக்குப் பழக்குவது எப்படி?

செமினி - சென்ற ஆண்டு ஒரு மாலை, இங்குள்ள தாமான் ஒன்றில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வரவேற்பறையில் புதிதாக ஒரு கூண்டு. உள்ளே தலை வெள்ளையாய், உடம்பு நீளமாய் ஒரு பிராணி. பக்கத்தில் அக்கா மகன் இரண்டு விரல்களில் பிளாஸ்டருடன் உட்கார்ந்திருந்தான்.

“மூசாங்கை யாராவது வீட்டுக்குள்ள கொண்டு வருவாங்களாடா?” என்று பாட்டி திட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தில் கோழிக்கூட்டில் நுழைந்த மூசாங்குகளை அவர் நிறைய பார்த்தவர்.

அது மூசாங் அல்ல, ஃபெரெட். வளர்க்க முடியாமல் ஒருவர் கைமாற்றிவிட்டது. பல மாதங்கள் கூண்டிலேயே கிடந்திருக்கிறது. யாரும் தூக்கிப் பழக்கவில்லை. கையை நீட்டினால் கடி. பாட்டிக்கு இனிப்பு நீர், காயம் பட்டால் எளிதில் ஆறாது. “இரண்டு மாசம் பார்ப்போம். கடிக்கிறது நிக்கலன்னா இந்த வீட்டுல அதுக்கு இடமில்லை” என்று அக்கா சொல்லிவிட்டார்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஃபெரெட் வளர்க்கும் இளையோர் இருக்கிறார்கள். கடிக்கு மிரண்டு அதைக் கூண்டோடு மறந்துவிடுவோரும் உண்டு. அந்த இரண்டு மாதங்களில் எங்கள் குடும்பம் கற்றுக்கொண்டதை இங்கே பகிர்கிறேன்.

ஃபெரெட் என்பது என்ன?

ஃபெரெட் ஐரோப்பியக் காட்டுப் பிராணி ஒன்றின் வழிவந்த வளர்ப்பு இனம். வளைக்குள் புகுந்து முயலை விரட்டுவதற்காக, ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் அதை வளர்த்து வருகிறார்கள். பார்க்கக் கீரி போலிருந்தாலும் கீரிக்கும் மூசாங்கிற்கும் அது நெருங்கிய உறவில்லை. நம் ஆறுகளில் இருக்கும் நீர்நாய்தான் அதன் குடும்பம். பெண் ஒரு கிலோவுக்குள் இருக்கும், ஆண் இரண்டு கிலோ வரை வளரும். ஆயுள் பொதுவாக ஆறு முதல் எட்டு ஆண்டுகள். நாளில் 14 மணி நேரத்துக்கு மேல் தூங்கும். விழித்தால் ஓயாது ஓடும்.

ஏன் கடிக்கிறது?

குட்டிகள் ஒன்றையொன்று கழுத்தில் கடித்துத்தான் விளையாடும். அவற்றின் தோல் தடிப்பு, நம் தோல் மெலிசு. எவ்வளவு மெதுவாகக் கடிக்க வேண்டும் என்பதை மனிதரோடு பழகித்தான் அது கற்கும். பழக்கப்படாத ஃபெரெட்டுக்கு மேலிருந்து இறங்கும் கை, தூக்கிப்போக வரும் பருந்து மாதிரி. அது கடிப்பது வன்மத்தால் அல்ல, பயத்தால். கடித்தவுடன் கை விலகுகிறதா? அப்படியானால் கடி பலிக்கிறது என்று அது புரிந்துகொள்ளும்.

ஆகவே, பழக்குவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். உடம்பில் வலி இருந்தாலும் கடிக்கும். கருத்தடை செய்யாத ஆண் இனப்பெருக்கக் காலத்தில் முரடாகும். எல்லாக் கால்நடை மருத்துவரும் ஃபெரெட்டைப் பார்ப்பதில்லை. கிளம்புமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். செமினியிலிருந்து அதிகத் தூரமில்லாத செர்டாங்கில், யுபிஎம் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

எங்கள் வீட்டு ஃபெரெட்டைச் சோதித்த மருத்துவர், அதற்குக் காது கேட்கவில்லை என்றார். தலை வெள்ளையான ஃபெரெட்டுகளில் இது அடிக்கடி காணப்படும் பிறவிக் குறை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் தொட்டோம் என்று அக்கா மகன் வாதாடியது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அதைப் பொறுத்தவரை, ஒவ்வொரு முறையும் தூக்கத்தில் யாரோ திடீரென்று பிடித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து, தொடுமுன் கூண்டின் அடியை இரண்டு முறை தட்டினோம். அந்த அதிர்வை உணர்ந்து அது எழுந்துகொள்ளும். பாதிக் கடி அதிலேயே குறைந்தது.

பழக்கும் முறை

முதல் சில நாட்கள் தொடாதீர்கள். ஆட்கள் நடமாடும், ஆனால் இரைச்சலில்லாத அறையில் கூண்டை வையுங்கள். ஃபெரெட்டுக்குக் கண் பார்வை மந்தம். மூக்கால்தான் ஆளை அறியும். நீங்கள் உடுத்திய பழைய டி-சட்டையைத் துவைக்காமல் அதன் படுக்கையில் போடுங்கள். உங்கள் வாசனையோடு அது தூங்கிப் பழகும்.

அடுத்து, நீண்ட காம்புள்ள கரண்டி. வேகவைத்து மசித்த கோழி இறைச்சியை (உப்பு, மசாலா வேண்டாம்) கரண்டியில் வைத்து நீட்டுங்கள். நக்கிச் சாப்பிடும். நாளுக்கு நாள் கரண்டியைக் காம்பின் கீழ்ப்பக்கமாகப் பிடித்து, உங்கள் கையை அதன் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். கை வந்தால் சாப்பாடு வரும் என்று அது தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு விரல்களை மடக்கி, மூடிய கையை மோந்து பார்க்க விடுங்கள். நீட்டிய விரலைவிட மூடிய கையைக் கடிப்பது அதற்குச் சிரமம். தொடக்கத்தில் தடித்த கையுறை போடலாம். ஆனால் எப்போதும் கையுறையோடு இருந்தால் அது கையுறைக்குத்தான் பழகும்.

தூக்கும்போது மேலிருந்து பிடிக்காதீர்கள். பக்கவாட்டில் போய், ஒரு கையை நெஞ்சுக்கு அடியிலும் மறு கையைப் பின்கால்களுக்கு அடியிலும் கொடுத்துத் தூக்குங்கள். முதலில் சில வினாடிகள் போதும். அமைதியாக இருக்கும்போதே இறக்கி விடுங்கள். கடித்த பிறகு இறக்குவதை வழக்கமாக்காதீர்கள். வால் முடி சிலிர்த்து, சீறிக்கொண்டு பின்வாங்கினால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். முதுகை வளைத்துக் குதித்துக் கும்மாளம் போட்டால் மட்டும் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது விளையாட்டு.

கடித்துவிட்டால்?

கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், தோல் கிழியும். கத்தாதீர்கள். பிடியை விடவில்லையென்றால் மூக்கருகே கொஞ்சம் உணவைத் தடவினால் நக்குவதற்காக வாயைத் திறக்கும். விளையாட்டில் கடித்தால், பொம்மையோ துண்டோ கொடுத்துக் கடியை அதன் பக்கம் திருப்புங்கள். மீண்டும் கடித்தால் இரண்டு, மூன்று நிமிடம் தனியாக விட்டுவிட்டுப் பிறகு தொடருங்கள். அடிப்பதும் மூக்கில் சுண்டுவதும் கூடவே கூடாது. அடி வாங்கிய பிராணிக்குக் கை மீது இருக்கும் பயம் இரட்டிப்பாகும்.

காயத்தைச் சோப்பு போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். ஆழமான கடி என்றால் அன்றே கிளினிக் போங்கள். டெட்டனஸ் ஊசி பற்றியும் வெறிநோய் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் சின்னக் காயத்தையும் காட்டிவிடுவது நல்லது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில், எவ்வளவு பழகிய ஃபெரெட்டாக இருந்தாலும் குழந்தையோடு தனியே விடக்கூடாது.

நம் வெயிலும் நம் சாப்பாடும்

ஃபெரெட் குளிர்நாட்டுப் பிராணி. வியர்வை விட்டு உடம்பைத் தணித்துக்கொள்ள அதனால் முடியாது. 30 பாகை செல்சியஸை நெருங்கினாலே ஆபத்து. நம் மதிய வெயிலில் ஐந்தடியிலோ, தகரக் கூரைக்குக் கீழோ கூண்டை வைத்தால் செத்துப்போகும். பகலில் குளிர்சாதனம் உள்ள அறை தேவை. மின்சாரம் போனால் உறைய வைத்த தண்ணீர் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, துவண்டு கிடந்தால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

சோறு, பால், ரொட்டி, பழம் எதுவும் ஆகாது. அது முழுக்க முழுக்க இறைச்சி தின்னும் பிராணி. சைவ வீட்டில் வளர்க்க நினைப்பவர்கள் இதை முதலிலேயே யோசியுங்கள். தினமும் சில மணி நேரம் கூண்டுக்கு வெளியே ஓட வேண்டும். உங்களுக்குக் காய்ச்சல், சளி என்றால் தள்ளி இருங்கள். நம்முடைய இன்ஃபுளுவென்சா அதற்கும் தொற்றும். 1933-இல் லண்டன் ஆய்வாளர்கள் மனிதரின் இன்ஃபுளுவென்சா கிருமியை முதன்முதலில் பிரித்தெடுத்ததே ஃபெரெட்டுகளின் உதவியால்தான்.

வளர்க்க முடியாவிட்டால்?

செம்பனைக் காட்டில் விட்டால் எலி பிடித்துப் பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். கூண்டில் வளர்ந்தது வெயிலிலும் பசியிலும் சாகும். ஒருவேளை பிழைத்தால் காட்டுப் பறவைகளுக்குக் கேடு. முயலைக் கட்டுப்படுத்த 19-ஆம் நூற்றாண்டில் ஃபெரெட்டை இறக்கிய நியூசிலாந்து, தன் பறவைகளை அதனிடமிருந்து காக்க இன்றும் போராடுகிறது. 2002 முதல் அங்கு ஃபெரெட் விற்கவும் தடை.

நம் நாட்டின் 2015 விலங்கு நலச் சட்டப்படி, பிராணியை வதைத்தால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வாங்குவதற்கு முன்பே, உரிமம் தேவையா என்று பெர்ஹிலித்தானிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால், பொறுப்பெடுக்கக்கூடிய, அனுபவமுள்ள ஒருவரிடம் அது கடிக்கும் என்பதை மறைக்காமல் சொல்லி ஒப்படையுங்கள்.

அக்கா வீட்டில் முதல் வாரம் மூன்று கடி. நான்காம் வாரம் கையில் வைத்திருந்த இறைச்சியை வாங்கிச் சாப்பிட்டது. ஐந்தாம் வாரம் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துபோன இரவில் மறுபடி கடித்தது. திரும்பவும் கரண்டியிலிருந்து தொடங்கினோம். எட்டாம் வாரம் அக்கா மகனின் மடியில் தூங்கியது. கெடு முடிந்த நாளில் அக்கா எதுவும் பேசவில்லை.

பாட்டி இன்னும் அதைத் தொடுவதில்லை. தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். ஆனால் இப்போது மூசாங் என்று சொல்வதில்லை. நம்மவர்கள் கீரியைக் கீரிப்பிள்ளை என்பார்கள் அல்லவா? அதே மாதிரி, “பிள்ளை சாப்பிட்டுச்சா?” என்றுதான் கேட்கிறார்.