வண்டித்தடமும் புலப்படமும்

ராஜபாளையத்துக்குத் தெற்கே, தளவாய்புரம், முகவூர், சேத்தூர் என்று ஒன்றையொன்று ஒட்டிக்கிடக்கும் ஊர்களுக்கு நடுவில் இருக்கிறது செட்டியார்பட்டி. நைட்டி தைப்புக்குப் பேர்போன வட்டாரம். பகலில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் தையல் மிஷின் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் ஓய்கிற தெருக்கோடியில் தார் முடிந்து மண் ஆரம்பிக்கிறது. அங்கிருந்து பிரியும் தடங்களைத் தேடி எந்தச் சுற்றுலாப் பயணியும் வந்ததில்லை. ஆனால் காலாற நடக்க நினைப்பவருக்கு இந்தப் பக்கம் வழிக்குப் பஞ்சமே கிடையாது.

தடம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் பல வகை உண்டு. மாட்டுவண்டி போய்வந்த அகலத்தில் இரண்டு பள்ளக்கோடும் நடுவே புல்லுமாகக் கிடப்பது வண்டித்தடம். வயலுக்கு வயல் தாவிப் போவது வரப்பு. ஆடு, மாடு மேய்ச்சலுக்குப் போய்த் தேய்ந்தது ஒற்றையடிப் பாதை. ஓடையும் இங்கே ஒரு பாதைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் போகும். மற்ற மாதங்களில் பெரும்பாலும் மனிதர்களும் ஆடுகளும்தான் போவார்கள்.

இவற்றில் நடக்கச் சுகமானது கண்மாய்க்கரை. மழைத்தண்ணீரைத் தேக்கிப் பாசனம் செய்யும் விருதுநகர் மாவட்டத்தில் கண்மாய் இல்லாத ஊர் அபூர்வம். கரை உயரம் என்பதால் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போகலாம். ஒரு பக்கம் நீர்ப்பரப்பு, மறுபக்கம் நெல், பருத்தி, கரும்பு, தென்னை. வழியில் மடை வரும். கரையின் ஓரத்தில், மிகுந்த தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு வரும். மேற்கே திரும்பினால் மேற்குத் தொடர்ச்சி மலை முழு நீளத்துக்கும் கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டே போகிறவருக்குத் திசை தப்பாது. மார்கழி, தை மாதங்களில் கண்மாய் நிறைந்திருக்கும்போது நாரையும் கொக்கும் இறங்கும். ஆனி, ஆடியில் மேல்காற்று வேகமெடுத்தால் கரைமேல் நிற்பதே பாடு.

இந்தத் தடங்களில் எதுவும் பொழுதுபோக்குக்காகப் போட்டதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. உரம் கொண்டுபோக ஒன்று, நாற்றுச் சுமக்க ஒன்று, சுடுகாட்டுக்கு ஒன்று, அடுத்த ஊர்ச் சந்தைக்கு ஒன்று. வேலை இருக்கும்வரை தடம் இருந்தது. இரண்டு சக்கர வாகனம் வந்து எல்லோரும் தார்ச்சாலைக்கு மாறியபின் பல தடங்களில் சீமைக்கருவேல் ஏறிவிட்டது. சில இடங்களில் பக்கத்து வயலின் வேலி ஆண்டுக்கு ஒரு முழம் நகர்ந்து, வண்டி போன அகலத்தில் இன்று ஆள் மட்டுமே போக முடிகிறது.

வேலை தீராத தடங்களும் உண்டு. அவற்றைக் காப்பாற்றி வைத்திருப்பது பெரும்பாலும் சாமிகள்தாம். தென்பாண்டி நாட்டின் பஞ்சபூதத் தலங்கள் ஐந்தும் இந்த வட்டாரத்திலேயே சிதறிக் கிடக்கின்றன. சங்கரன்கோவில் நிலம், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். இவற்றில் தேவதானம் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில் சேத்தூரை அடுத்து மலையடிவாரத்தில் இருக்கிறது. மகாசிவராத்திரி அன்று ஐந்தையும் ஒரே நாளில் தரிசிப்பது வழக்கம். இப்போது அதற்கு வேன் பிடிக்கிறார்கள். ஊரும் வயலும் கண்மாயும் மாறி மாறி வரும் இந்தச் சுற்றை, நாளுக்கு ஒரு கோயிலாக நடந்து முடிக்க நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பாதை அமையாது. ஆடி மாதம் சாத்தூர் அருகே இருக்கன்குடி மாரியம்மனுக்குப் பல ஊர்களிலிருந்தும் கால்நடையாகப் போகிறவர்கள் சாலையோரத்தையே நடைபாதையாக்கிவிடுகிறார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலைப் பெருமாளைக் கும்பிட ஊரே கிளம்பும்.

மேற்கே போகப் போக நடையின் சுபாவம் மாறிவிடும். தேவதானத்திலிருந்து சாஸ்தா கோயில் நீர்த்தேக்கம். ராஜபாளையத்திலிருந்து முடங்கியாறு சாலையில் ஆறாவது மைல் குடிநீர்த் தேக்கத்தைத் தாண்டி நீர்காத்த அய்யனார் கோயில். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்பு, அதற்கும் உள்ளே காட்டழகர் கோயில். எல்லாம் அடிவாரக் காட்டைத் தொடும் வழிகள். வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறையில் தொடங்கும் சதுரகிரி ஏற்றம் இவற்றில் பெயர் பெற்றது. வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், நாவல் ஊற்று, பிலாவடி கருப்பு என்று படிப்படியாகப் பெயர் சொல்லிக்கொண்டே ஏறுவார்கள். பாறை எங்கே வழுக்கும், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதைப் பெயரே சொல்லிவிடுவதால், மலையேறும் பக்தருக்கு வரைபடம் தேவைப்பட்டதில்லை.

காட்டுக்குள் இஷ்டம்போல் நடக்க முடியாது. சாம்பல் நிற அணிலுக்காக 1988-இல் சரணாலயமான இந்த மலை, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறச் சென்றவர்களைப் பலிகொண்ட பிறகு, மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 பாதைகள் இடம்பெற்றன. முன்பதிவு செய்து, பணம் கட்டி, வழிகாட்டியோடு போக வேண்டும். செண்பகத்தோப்புப் பாதையும் அதில் ஒன்று. யானை நடமாடும் காட்டில் இந்தக் கட்டுப்பாடு தேவைதான். ஆனால் அடிவாரத்துக்குக் கிழக்கே கிடக்கும் சமவெளித் தடங்களைக் கவனிக்க எந்தத் திட்டமும் வரவில்லை.

இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே ஒரு சாதாரணக் கிராமத்தில் இறங்கினாலும் தனியார் வயலின் குறுக்கே போகும் பாதைக்கு மஞ்சள் அம்புக்குறி போட்டிருக்கும். குதிரையும் போகலாம் என்றால் நீல அம்புக்குறி. வேலி வருமிடத்தில் ஏறி இறங்க மரப்படி இருக்கும். வயல் இன்னொருவருடையதுதான், அதன் குறுக்கே நடக்கும் உரிமை ஊருக்குப் பொது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிப் பதிவான பாதைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர்.

இது தானாக வந்ததில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டு நிலத்துக்குள் அத்துமீறி நடந்தார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். 1949-இல் வந்த சட்டம், பொதுப் பாதைகளை எல்லாம் அளந்து அதிகாரபூர்வ வரைபடத்தில் ஏற்றும் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. அந்த வரைபடத்தில் ஏறிய பாதையை நில உரிமையாளர் தன் விருப்பத்துக்கு மூட முடியாது.

செட்டியார்பட்டித் தடங்களுக்கும் காகிதம் இல்லாமல் இல்லை. நிலஅளவையின்போதே ஊர்ப் பொது வண்டிப்பாதைகளைப் புறம்போக்காகக் காட்டித் தனி சர்வே எண் கொடுத்தார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்திலும் ‘அ’ பதிவேட்டிலும் அவற்றைப் பார்க்கலாம். ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவைக் காட்டும் புலப்படத்தையும் ‘அ’ பதிவேட்டு விவரத்தையும் அரசின் இணையதளத்திலேயே எடுக்கலாம். புறம்போக்கை ஆக்கிரமித்தவரை வெளியேற்ற 1905-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அடுத்தவர் பட்டா நிலத்தின் வழியாக இருபது ஆண்டுகள் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு போய்வந்தவருக்கு 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் வழியுரிமை தருகிறது. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட காகிதத்தைப் பார்த்து நடக்கிறார்கள். இங்கே வழக்கு வந்தால்தான் பிரித்துப் பார்க்கிறார்கள்.

நடக்க விரும்புகிறவர் வருவாய் ஆவணத்திலிருந்தே தொடங்கலாம். கிராம வரைபடத்தில் வண்டிப்பாதை எண்களைக் குறித்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால், எது கண்மாய்க்கு, எது களத்துமேட்டுக்கு, எது அடுத்த ஊருக்கு என்று அவர் சொல்லிவிடுவார். அறுப்பு முடிந்த பிறகு போவது நல்லது. வரப்பில் கால் வைத்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். விதைப்புக் காலத்தில் வண்டித்தடத்தை விட்டு இறங்காமல் இருப்பதே மரியாதை. சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். மழைக்காலக் கரிசலில் செருப்பு மண்ணில் ஒட்டிக்கொண்டு காலோடு வராது.

வரைபடத்தில் இருக்கும் தடம் தரையில் இல்லையென்றால் மனுக் கொடுக்கலாம். திங்கள்கிழமைகளில் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. ஆண்டுக்கொரு முறை தாலுகா ஆபீசில் நடக்கும் ஜமாபந்தியில், ஜூலையில் புதிய பசலி எனும் வருவாய் ஆண்டு பிறப்பதற்கு முன்பு கிராமக் கணக்குகள் அத்தனையும் மேசைக்கு வரும். பாதை மனுவைச் சர்வே எண்ணோடு கொடுத்தால், சர்வேயரை அனுப்பி அளக்கச் சொல்லும் அதிகாரம் அந்த மேசையில் இருக்கிறது.