மூன்று விநாடி பொறுத்தால்

ஆசிரியர் பயிற்சி மாணவர்களை வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பும் வழக்கம் மேலைநாடுகளில் பழையது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகம் 1970களிலேயே இதைத் தொடங்கிவிட்டது. ஐரோப்பாவில் 1987இல் வந்த எராஸ்மஸ் திட்டம் மாணவர்கள் நாடு விட்டு நாடு சென்று படிக்கும் வழியை அகலமாகத் திறந்தது. இப்படி வேற்றுமொழி ஊரில் போய் இறங்கும் பயிற்சி ஆசிரியருக்கு முதலில் வாய்ப்பது, வகுப்பில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும் மாணவனின் நிலை.

கடைக்காரர் ஏதோ கேட்கிறார். ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதே பிடிபடுவதில்லை. தெரிந்த ஓரிரு சொற்களை வைத்துப் பொருளை ஊகித்து, பதிலைத் தாய்மொழியில் யோசித்து, மொழிமாற்றி, இலக்கணம் சரியா என்று தயங்கி வாய் திறப்பதற்குள் அவர் அடுத்த ஆளிடம் திரும்பியிருப்பார். இல்லையென்றால் அதே கேள்வியை இன்னும் உரக்கக் கேட்பார். (குரலை உயர்த்தினால் புரிந்துவிடும் என்ற நம்பிக்கை ஆசிரியர்களிடமும் தாராளமாக உண்டு.) சொந்த ஊரில் வாய்ச்சாலகராக இருந்தவர் இங்கே மந்தமானவராகத் தெரிகிறார்.

வகுப்பறையிலும் இதே அவசரம்தான் என்பதை அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் அளந்து காட்டினார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி அளவே. கெட்டிக்காரர் என்று கருதிய மாணவர்களுக்குக் கூடுதல் நேரம், பின்தங்கியவர்களுக்குக் குறைந்த நேரம். இது தலைகீழ் நியாயம். காத்திருப்பை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதிலே வராத கேள்விகள் குறைந்தன, அதுவரை பேசாதவர்களும் பேசினார்கள். அந்த மூன்று விநாடிக்குள் மாணவன் மனத்தில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பது அயல்நாட்டுக் கடை வாசலில் திணறியவருக்கு விளக்காமலே விளங்கும். ஊர் திரும்பி வகுப்பெடுக்கும்போது அவர் மாணவனின் பாதி வாக்கியத்தைத் தாமே முடித்து வைப்பதில்லை. கேள்வியைக் கரும்பலகையில் எழுதுகிறார். பக்கத்து மாணவனோடு பேசிப் பார்க்கவும் விடுகிறார்.

ஆனால் அவதிப்பட்டாலே பொறுமை வந்துவிடாது. சொந்த நாட்டவரோடு மட்டும் பழகிவிட்டு, உள்ளூர்க்காரர்கள் மேல் எரிச்சலோடு திரும்புபவர்களும் உண்டு. அனுபவத்தை எழுதவும் விவாதிக்கவும் வைக்கும் பயிற்சித் திட்டங்களே பயன் தருகின்றன.

பயிற்சி மாணவரின் தவிப்புக்கும் வகுப்பில் மொழி புரியாத பிள்ளையின் தவிப்புக்கும் ஒரு வேறுபாடும் இருக்கிறது. பயிற்சி மாணவர் தாமே விரும்பிப் போகிறார்; திரும்பும் தேதியும் தெரியும். குடியேறிய குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது. கனடாவில் ஆய்வு செய்த ஜிம் கம்மின்ஸ், அத்தகைய பிள்ளைகள் அன்றாடப் பேச்சில் தேற ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளும், பாடமொழியில் மற்றவர்களை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகளும் ஆகின்றன என்று கண்டார். விளையாட்டுத் திடலில் சரளமாகப் பேசும் பிள்ளை வரலாற்றுப் பாடத்தில் தடுமாறினால், அதைச் சோம்பல் என்றோ அறிவுக் குறைவு என்றோ ஆசிரியர் தவறாகக் கணிப்பது இந்த இடைவெளியில்தான்.