கண்ணிவெடி தேடிய எலிகள்!

எலி என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? அரிசி மூட்டையை ஓட்டை போடும், புத்தகத்தைக் குதறும், வீட்டில் எல்லாரும் துடைப்பத்தோடு துரத்துவர். ஆனால், ஆப்ரிக்காவில் ஒரு நாட்டின் வயல்களை மீட்டுக் கொடுத்தவர்களில் எலிகளும் உண்டு. நம்ப முடிகிறதா குட்டீஸ்?

அந்த நாடு மொசாம்பிக். ஆப்ரிக்காவின் தென்கிழக்கில், இந்தியப் பெருங்கடலின் அக்கரையில் இருக்கிறது. 1975ல் போர்ச்சுகல் ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றது. இரண்டே ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் மூண்டது. அரசுப் படைக்கும், 'ரெனாமோ' என்ற கிளர்ச்சிப் படைக்கும் 15 ஆண்டுகள் சண்டை. குண்டடி பட்டும், பசியாலும், நோயாலும் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இறந்து போயினர்.

ஒருவழியாக, 1992 அக்டோபர் 4ல் இத்தாலியின் ரோம் நகரில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐ.நா. அமைதிப்படை வந்தது. இரு தரப்பு வீரர்களிடமிருந்தும் துப்பாக்கிகளை வாங்கி வைத்தது. 1994ல் தேர்தல் நடந்தது. பக்கத்து நாடுகளுக்கு ஓடிப்போன 17 லட்சம் அகதிகளும் ஊர் திரும்பினர்.

திரும்பினால் போதுமா? உழ வேண்டும், விதைக்க வேண்டும். மண்ணுக்குள் கண்ணிவெடிகள் அல்லவா காத்திருந்தன! போர் முடிந்த சேதி கண்ணிவெடிக்குத் தெரியாதே... கால் பட்டால் வெடிக்கும். உழவரா, விளையாடும் சிறுவனா என்று பார்க்காது.

வயலில் மட்டுமல்ல, ரயில் பாதை, பாலம், மின்கம்பி செல்லும் கோபுரம் என எங்கெங்கோ புதைத்திருந்தனர். ரயில் ஓடாவிட்டால் விளைந்ததை எப்படி விற்பது? உரம் எப்படி வரும்? கண்ணிவெடியை எடுக்காமல் பள்ளிக்கூடமும் கட்ட முடியாது, ரோடும் போட முடியாது.

பல நாடுகள் பணம் கொடுத்தன. பிரிட்டனைச் சேர்ந்த 'ஹாலோ டிரஸ்ட்' போன்ற தொண்டு அமைப்புகள் வேலையில் இறங்கின. உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு அங்குலம் அங்குலமாகத் தேடினர். பழைய ஆணி, டப்பா மூடிக்குக் கூட அந்தக் கருவி கத்தும். ஒவ்வொன்றையும் தோண்டிப் பார்த்தாக வேண்டும்!

இங்கேதான் நம் எலியார் வருகிறார். கன்னத்தில் பை உள்ள ஆப்ரிக்கப் பெரிய எலி இது. பெல்ஜியம்காரர் ஒருவர் தொடங்கிய 'அபோபோ' அமைப்பு, டான்சானியா நாட்டில் இவற்றுக்குப் பயிற்சி கொடுத்தது. வெடிமருந்து வாசனையை மோப்பம் பிடித்தால் தரையைப் பிறாண்டும். பரிசு, வாழைப்பழத் துண்டு! எடை ஒன்றரை கிலோவுக்குள்தான் என்பதால், மேலே நடந்தாலும் வெடிக்காது. இரும்புத் துண்டுகளை எலி கண்டுகொள்ளாது. அதனால், ஒரு டென்னிஸ் மைதானம் அளவு இடத்தை அரை மணி நேரத்தில் முடித்து விடும். கருவியோடு மனிதர் தேடினால் சில நாள் ஆகலாம்.

எதை முதலில் சுத்தம் செய்வது என்பதும் பெரிய கேள்வி. பின்னாளில் ஆராய்ந்த பொருளாதார நிபுணர்கள், ரோடு, ரயில் பாதை, சந்தை ஊர்களைச் சுத்தம் செய்தபோது தொலைவில் உள்ள கிராமங்களும் வளர்ந்ததைக் கண்டனர். ஆரம்பத்திலேயே அப்படித் திட்டமிட்டிருந்தால் இன்னும் நல்லது நடந்திருக்கும்.

ஹாலோ டிரஸ்ட் மட்டும் 1,71,000க்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளை அழித்தது. 2015 செப்டம்பரில், 'கண்ணிவெடி இல்லாத நாடு' என்று மொசாம்பிக் அறிவித்தது. வடக்கே காபோ டெல்காடோ பகுதியில் 2017ல் வேறொரு மோதல் தொடங்கியது வருத்தமான விஷயம்.

எலிகளுக்கு ஓய்வு கிடைத்ததா என்கிறீர்களா? அதுதான் இல்லை. அவற்றின் சொந்தக்காரர்கள் கம்போடியாவிலும், அங்கோலாவிலும் வாழைப்பழத்துக்காக மோப்பம் பிடிக்கப் போய்விட்டனர்!