நாணயமில்லாத நாணயங்கள்

சித்திரைப் புத்தாண்டன்று பெரியோர் கையாற் கைவிசேடம் வாங்கும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் அருகிப்போகவில்லை. வெற்றிலையில் வைத்துத் தரப்படும் அக்காசின் பெறுமதி யாதாயினும், வாங்கிய கை அதனை நெடுங்காலம் மறப்பதில்லை. நம் நண்பர் ஒருவரின் தாயார் சிறு பெண்ணாயிருந்தபோது வாங்கிய காசொன்றை எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நினைவில் வைத்திருக்கிறார். அதனால் விளைந்த கதையையே ஈண்டுக் கூறப்புகுந்தோம்.

அவ்வம்மையாரின் பாட்டனார் 1890ஆம் ஆண்டுகளின் கடைக்கூற்றில் மலாயாவுக்குக் கப்பலேறியவர். தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே 1885இல் அந்நாட்டின் முதலாவது புகையிரதப் பாதை திறக்கப்பட்டதன் பின்னர், யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் அங்கே எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் அமர்ந்தமை வாசகர் அறிந்ததே. பாட்டனார் ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியபோது அவரது தகரப் பெட்டியில் ஒரு வெள்ளி டொலரும் கூட வந்தது. புத்தாண்டுக் காலையில் அதனைப் பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரின் உள்ளங்கையிலும் வைத்து, பின் மெல்லத் திருப்பி வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஐம்பது சதம் கொடுப்பாராம். கொடுத்ததை மீளப் பெறும் கைவிசேடம் வேறெங்கும் உண்டோ, நாமறியோம்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டு வெளியேறிய இரவில், அக்காசு சுவாமியறைத் தட்டிலே தங்கிவிட்டது. மறு ஆண்டு திரும்பிச் சென்று பார்த்தபோது சுவாமியறைக்குக் கூரையே இருக்கவில்லை.

அந்த டொலரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கீழைநாட்டு வாணிகத்துக்கென 1895 முதல் 1935 வரை பிரித்தானியர் வெளியிட்ட வாணிக டொலர் அது. பெரும்பாலும் பம்பாய் அக்கசாலையில் வார்ப்படமின்றி அச்சடிக்கப்பட்டது. ஒரு பக்கத்தில் சூலமும் கேடயமும் தாங்கிப் பிரித்தானியா தேவி நிற்பாள். அவளுக்குப் பின்னே பாய்க்கப்பலொன்று செல்லும். மறுபக்கத்தில் சீன மொழியிலும், அரபு எழுத்தில் அமைந்த மலாய் மொழியிலும் ‘ஒரு டொலர்’ என்றிருக்கும். சூலத்தின் நடுமுனையில் பம்பாயைக் குறிக்கும் ‘பி’ எழுத்தை, உருப்பெருக்குக் கண்ணாடி கொண்டு தேடினாலன்றிக் காண்டல் அரிது. நிறை 26.96 கிராம்; நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி.

இத்தகைய டொலர் சீன வணிகர் கைக்குச் சென்றால் அவர்கள் சும்மா வாங்கிப் பெட்டியில் இடுவதில்லை. நம் கச்சேரிகளிற் சிறாப்பர் என்று பெயர்பெற்றவரைப் போன்ற காசு நோட்டக்காரர், நிறுத்தும் தட்டியும் பார்த்து, ‘இது நல்ல வெள்ளி’ என்பதற்கு அடையாளமாகத் தமது சிறு முத்திரையை அதன்மேல் உளியால் அடித்துவிடுவர். பாட்டனாரின் காசிலும் கப்பலுக்கு அருகே அப்படி ஒரு முத்திரை இருந்ததாக அம்மையாருக்கு ஞாபகம்.

கொழும்பிலே ஓய்வு பெற்றிருக்கும் நம் நண்பர், தாயாரின் தொண்ணூறாவது வயதில் அக்காசு போன்ற ஒன்றை அவர் கையில் வைக்க ஆசைப்பட்டார். கடைகளில் அகப்படவில்லை. இக்காலத்தில் ஏலங்கூறுவோனும் சுத்தியலும் இல்லாமலே ஏலம் நடக்கிறதன்றோ? 1995இல் அமெரிக்காவிலே பியர் ஒமிட்யார் என்பவர் தொடங்கிப் பின்னர் ஈபே எனப் பெயர் பெற்றதை முன்னோடியாகக் கொண்டு, இன்று இணைய ஏலக்கடைகள் எத்தனையோ உள. அவற்றுள் ஒன்றில், கப்பலருகே முத்திரையோடு கூடிய டொலரைக் கண்டதும் நண்பருக்குத் தூக்கம் போயிற்று. இணைய ஏலத்தின் இயல்பே அதுதான். பொருளைத் தொட்டுப் பார்க்க இயலாது. படத்தை மட்டும் பார்க்கலாம். படம் எந்தக் காசினுடையது என்பதற்கு உறுதியில்லை. கடிகாரமோ வினாடி வினாடியாகக் குறைந்துகொண்டிருக்கும். கடைசி இரண்டு நிமிடத்தில் மனிதன் கேட்பது காசின் விலையையன்று, மற்றவனை வெல்லும் விலையை. நள்ளிரவு தாண்டி, 28,000 ரூபாவுக்குக் காசு நண்பருடையதாயிற்று.

புத்தாண்டன்று வெற்றிலையில் வைத்துத் தாயாரிடம் நீட்டினார். அம்மையாருக்குக் கண் மங்கல். கையில் வாங்கி, விரலை மூடி, சற்று நேரம் பேசாதிருந்தார்.

“தம்பி, அப்பு வைக்கிற காசு கையை அமத்தும். இது அமத்தேல்லை.”

பின்னர் அதனை மகனிடமே திருப்பிக் கொடுத்து, தலையணைக்குக் கீழிருந்து ஒரு நூறு ரூபாத் தாளை எடுத்துப் பதிலுக்கு நீட்டினாராம்.

எண்பது ஆண்டு கழித்து ஒரு கை இதனை உணருமோ என்று நாம் ஐயுற்றோம். நண்பரோ ஐயுறவில்லை. நம்மையும் அழைத்துக்கொண்டு செட்டியார் தெருவில் தமக்குத் தெரிந்த பத்தர் ஒருவரின் பட்டறைக்குச் சென்றார். நாம் ஒரு காந்தத்தையும் கொண்டு போயிருந்தோம், ஒட்டவில்லை. “ஐயா, பித்தளையும் காந்தத்தில் ஒட்டாதே!” என்று பத்தர் சிரித்தார். காந்தம் ஒட்டினால் காசு பொய் என்பது உண்மை; ஒட்டாவிட்டால் மெய் என்று கொள்ளுதல் பேதைமை.

தராசில் 23.4 கிராம் காட்டியது. மூன்றரைக் கிராம் குறைவு! தேய்வினால் இவ்வளவு குறையுமாயின் பிரித்தானியா தேவியின் முகமே அழிந்திருக்கவேண்டும். பின்பு பத்தர் காசை நூலிற் கட்டி, ஒரு கிளாசு நீரில் அடி தொடாமல் தொங்கவிட்டு நிறுத்தார், 20.7 கிராம். நீரில் குறைந்தது 2.7 கிராம். முழு நிறையை இக்குறைவால் வகுத்தால் 8.67 வரும். தொண்ணூறு பங்கு வெள்ளியானால் 10.3 அளவில் வரவேண்டும். ஆர்க்கிமிடீசு என்னும் கிரேக்க அறிஞர் அரசனின் மகுடத்தைச் சோதித்ததாகச் சொல்லப்படும் கதையின் அடிப்படையும் இதுவே. வீட்டிலே மருந்துத் தராசு போன்ற நுண்தராசு ஒன்றிருப்பின் எவரும் செய்து பார்க்கலாம்; காசுக்கு ஒரு கீறலும் விழாது. விளிம்பை உரைகல்லில் இரண்டு முறை இழுத்தபோது முதற்கோடு வெண்மையாகவும் அடுத்தது மஞ்சளாகவும் விழுந்தது.

கள்ளக் காசு புதுமையன்று. ஜேர்மனியிலே கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) என்றொருவர் இருந்தார். பண்டைய கிரேக்க, உரோம நாணயங்களுக்குத் தாமே அச்சு வெட்டுவதில் மகா சமர்த்தர். புதுக் காசுக்குப் பழமை வருவிக்க, இரும்புத் தூளும் கொழுப்பும் நிறைந்த பெட்டியில் அவற்றை இட்டு, வண்டியின் கீழே பொருத்தி, ஊர்ப்பாதையில் ஓட்டிச் செல்வார். தம் கிழவர்களைச் சவாரிக்கு அழைத்துச் செல்வதாக வேடிக்கையாய்ச் சொல்லிக்கொள்வாராம். அவர் வெட்டிய அச்சுகள் பிற்காலத்தில் பெர்லின் நகரத்து நூதனசாலையைச் சேர்ந்தன. அவருடைய பொய்க் காசுகளையே தேடி வாங்குவோரும் இன்று உளர். பெக்கரிடம் வித்தையாவது இருந்தது. இப்போதைய கள்ளருக்கு அதுவும் வேண்டியதில்லை. மெய்க் காசு ஒன்றிலிருந்து அச்செடுத்து, மலிந்த உலோகத்தில் ஆயிரக்கணக்கில் அடித்து, வெள்ளி முலாம் பூசிவிடுகின்றனர்.

இப்படி அச்செடுப்பதிலே ஒரு குற்றம் தங்கிவிடும். மூலக் காசிலிருந்த கீறலும் தழும்பும் அத்தனை நகலிலும் அதே இடத்தில் விழும். நண்பர் இரண்டு இரவு விழித்திருந்து, பழைய ஏலப் படங்களைத் துருவினார். வேறு வேறு விற்பனையாளர், வேறு வேறு நாடு. ஆயினும் மூன்று டொலர்களில், கப்பலின் பாய்க்கு வலப்புறம், அதே கோணத்தில், அதே சீன முத்திரை! கையால் அடித்த முத்திரை மூன்று காசில் மயிரிழை பிசகாமல் ஓரிடத்தில் விழுதல் எங்ஙனம்? அன்றியும், மெய்யாகவே உளி பட்ட காசில் அடிபட்ட இடத்துக்கு நேர் பின்புறம் சற்றே நசுங்கியிருக்கும். இங்கு அந்தச் சுவடே இல்லை. வெள்ளி நல்லதென்று சாட்சி சொல்ல நோட்டக்காரர் இட்ட அடையாளத்தையே கள்ளன் தன் பொய்க்குச் சாட்சியாக்கிக்கொண்டான்.

சட்டங்கள் இல்லாமலில்லை. அமெரிக்காவில் 1973இலேயே, நாணய நகல் செய்வோர் ‘நகல்’ என்னும் சொல்லை அதன்மேற் பொறித்தாகவேண்டும் என்று விதித்தனர். 2014இல் அதனை இறுக்கினர். ஈபே நிறுவனம் 2012இல் நகல் நாணயங்களின் விற்பனையையே தடைசெய்தது. நகலென்று சொல்லி விற்பவனுக்கன்றோ அந்தத் தடை உறைக்கும்! மெய்யென்று சொல்லி விற்பவனை யார் பிடிப்பது?

இந்தியாவிலே இதனினும் துணிந்த வியாபாரம் ஒன்றுண்டு. 1616 என்றும் 1818 என்றும் ஆண்டு பொறித்து, இராமபிரானையும் அனுமனையும் இட்டு, கிழக்கிந்தியக் கும்பினியின் அணாக் காசு எனச் சொல்லப்படும் செப்புத் துண்டுகள் அவை. கும்பினியார் சென்னையில் அடித்த பொன் வராகனில் தெய்வ உருவம் உண்டுதான். ஆனால் சென்னைக் கோட்டையே எழத் தொடங்காத 1616இல் அவர்கள் எந்த அக்கசாலையில் அணா அடித்தார்கள்? இவை நகல்களுமல்ல, மூலமே இல்லாத கற்பனைகள். பழங்காசு வாங்குவதாகவும் விற்பதாகவும் தன் பெயரைச் சொல்லி இணையத்தில் பணம் பறிப்போரைப் பற்றி இந்திய ரிசேர்வ் வங்கி 2021 ஓகஸ்டில் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது.

நண்பர் ஏலக்கடைக்கு முறையிட்டார். மறுமொழி மரியாதையாகவே வந்தது: காசை விற்பனையாளருக்குத் திருப்பி அனுப்பினால் பணம் முழுவதும் மீளும். நாம் மகிழ்ந்தோம். நண்பர் மகிழவில்லை. “அனுப்பினால் அவன் என்ன செய்வான்? அடுத்த ஆளுக்கு விற்பான்,” என்றார். 28,000 ரூபா ஓய்வூதியக்காரருக்குச் சிறு தொகையன்று. மூன்று நாள் யோசித்தார்.

நான்காம் நாள் மறுபடியும் செட்டியார் தெருவுக்குப் போனோம். பத்தர் காசைப் பட்டடையில் வைத்து, பிரித்தானியா தேவிக்குக் குறுக்கே உளியை வைத்து ஓங்கி அடித்தார். வெட்டுவாயில் மஞ்சள் நிறம் பளிச்சிட்டது. இரண்டு துண்டையும் நண்பர் காகிதத்திற் பொதிந்து சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். தாயாரிடம் காட்டப்போவதாகச் சொன்னார்.

அன்றிரவு அவர் வீட்டுக் கணினியில் அந்த ஏலக்கடையைத் திறந்து பார்த்தோம். அதே விற்பனையாளர், கப்பலருகே அதே முத்திரையுடன் இன்னொரு டொலரை ஏலத்தில் விட்டிருந்தார். பதினொருவர் விலை கேட்டிருந்தனர். முடிவதற்கு நான்கு மணித்தியாலம் இருந்தது.