பத்து நொடி மருந்து

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு நிமிடத்துக்கு 180 தடவை படபடக்கிறது. இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்துடிப்பு வட்டமடித்துக்கொண்டிருந்தால் இப்படி ஆகும். அந்த வட்டத்தை அறுக்கத்தான் அடினோசின் ஊசி, முதலில் 6 மில்லிகிராம். முழங்கை மடிப்பிலுள்ள சிரையில் சட்டென்று ஏற்றி, பின்னாலேயே சலைனையும் தள்ளுவார்கள். ஏன் இந்த அவசரம்? ரத்தத்தில் அதன் அரை ஆயுள் 10 நொடிக்கும் குறைவு. நிதானமாக ஏற்றினால் இதயத்தை எட்டுமுன்பே காலி. எட்டிவிட்டால், அந்த இரு அறைகளுக்கும் நடுவே மின்துடிப்பைக் கடத்தும் ஏவி கணுவின் செல்களிலிருந்து பொட்டாசியத்தை வெளியேறவைத்து மின்துடிப்பை மறித்துவிடும். ஈசிஜியில் சில நொடி வெறும் கோடுகூட ஓடலாம். நோயாளிக்கோ உயிரே போகிற மாதிரி பீதி. முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் நியாயம். துடிப்பு சீராகாவிட்டால் அடுத்து 12 மில்லிகிராம். ஆஸ்துமாக்காரர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. காபி குடித்துவிட்டு வந்தவரிடம் மருந்து சரியாக எடுபடாமலும் போகலாம்: அடினோசின் உட்கார வேண்டிய ஏற்பிகளில் கஃபீன் முந்திக்கொண்டு இடம் பிடித்திருக்கும்.