உஷார்! ஆறாத புண்ணில் பச்சிலை அரைத்துக் கட்டுகிறீர்களா?

நில்லுங்கள். அந்த இலையை அம்மியில் வைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். குடும்பத் தலைவருக்கு வயது அறுபதை நெருங்குகிறது, பல வருடச் சர்க்கரை. புதுச் செருப்பு கடித்து, கட்டைவிரல் ஓரத்தில் மிளகளவு புண். அந்தச் சமயம் பார்த்து கைப்பேசிக்கு ஒரு வீடியோ வந்தது. கீரை இலையில் மனித இதயத் திசு துடிக்கிறதாம், இனி இலையிலிருந்தே சதை வளர்க்கலாமாம். அதைப் பார்த்து முடித்ததும் அடுத்த வீடியோ. எந்தப் புண்ணிலும் சதையை வளர்த்துவிடும் பச்சிலை என்று ஒருவர் அடித்துச் சொன்னார். மனைவி கொல்லையில் பறித்தார், அரைத்தார், தினமும் கட்டினார். மேலே பச்சையாகப் பொருக்குக் கட்டியது. "வலியே இல்லை, ஆறிக்கிட்டு வருது" என்று அவரும் சந்தோஷப்பட்டார்.

பொருக்குக்கு அடியில் சீழ் பிடித்திருந்தது. ஒருநாள் ராத்திரி குளிர்க்காய்ச்சல் தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது விரல் கறுத்திருந்தது. முதலில் விரலை எடுத்தார்கள். அப்புறம் முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்தார்கள்.

வலி இல்லை என்றாரே, கவனித்தீர்களா? அதுதான் ஆபத்து! நாள்பட்ட சர்க்கரை பாதத்து நரம்புகளை மரத்துப்போக வைக்கிறது. ஆணி குத்தினாலும் தெரியாது, உள்ளே அழுகினாலும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்துபோவதால் கிருமியோடு போராட உடம்புக்குத் தெம்பு இருக்காது.

அந்த முதல் வீடியோ பொய்யில்லை. அதனால்தான் எனக்குப் பயம் இன்னும் அதிகம். அமெரிக்காவில் வொர்செஸ்டர் பாலிடெக்னிக் இன்ஸ்டிடியூட் ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் பசலைக்கீரை இலை ஒன்றில் இதைச் செய்து காட்டினார்கள். ஆனால் எப்படிச் செய்தார்கள் தெரியுமா? காம்பு வழியாகச் சோப்புக் கரைசலைச் செலுத்தி, இலையின் உயிரணுக்களை முழுக்கக் கழுவி வெளியேற்றினார்கள். பச்சை நிறமே போய், கண்ணாடி போன்ற ஒரு கூடுதான் மிஞ்சியது. அது பெரும்பாலும் செல்லுலோஸ். அவரைக்கொடிக்குப் பந்தல் போடுவது போல, அந்தக் கூட்டின் மேல் மனித இதய உயிரணுக்களைப் படரவிட்டார்கள். அவைதான் துடித்தன, இலை துடிக்கவில்லை! கனடாவில் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ பெல்லிங் குழுவினர் ஆப்பிளை இதே மாதிரி கழுவி, எலியின் தோலுக்கு அடியில் வைத்தார்கள். அதற்குள் ரத்தக்குழாய்கள் வளர்ந்தன. அங்கேயும் சதை எலியுடையது. ஆப்பிள் வெறும் பந்தல்தான்.

உங்கள் அம்மியில் அரைபடும் இலையில் எதுவுமே கழுவப்படவில்லை. சாறு, பால், தூசி, மண் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கொல்லை மண்ணில் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கும். அவை கொதிநீரையே கொஞ்ச நேரம் தாங்கக்கூடியவை. குழாயில் ஒரு தடவை அலசினால் போய்விடுமா? அதைத் திறந்த புண்ணுக்குள் நம் கையாலேயே வைத்து, காற்றுப் புகாமல் கட்டியும் விடுகிறோம். காற்றில்லாத இடம்தான் அந்தக் கிருமிக்கு வேண்டும்.

செடியே வேண்டாம் என்று சொல்லவில்லை. மும்பையில் தீக்காயத்துக்கு வாழையிலையை வைத்தே கட்டுப்போட்டுப் பார்த்திருக்கிறார்கள். புண்ணில் ஒட்டாது, கட்டுப் பிரிக்கும்போது வலியும் குறைவு. ஆனால் அந்த இலை ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலத்தில் கிருமி நீக்கப்பட்டது. நீர் வடியும் புண்ணுக்கு ஆஸ்பத்திரியில் வைக்கும் ஆல்ஜினேட் பஞ்சும் பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருவதுதான். மன்னார் வளைகுடாவில் நம் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசிகளிலும் அந்தச் சரக்கு உண்டு. அதற்காகப் பாசியை அப்படியே புண்ணில் வைப்பார்களா? பட்டம் பெற்ற சித்த மருத்துவரும் புண்ணைப் பார்க்காமல், சர்க்கரை அளவைக் கேட்காமல் மருந்து தரமாட்டார். வீடியோக்காரர் உங்கள் காலைப் பார்த்தாரா?

சில பொருள்களைத் தொடவே தொடாதீர்கள். எருக்கம்பால் கண்ணில் தெறித்தால் கருவிழி பாதிக்கும். சேராங்கொட்டை தோலைக் கொப்பளிக்க வைக்கும். பச்சைப்பூண்டை நசுக்கிக் கட்டி, தீக்காயம் போலத் தோல் வெந்தவர்கள் இருக்கிறார்கள். பப்பாளிப்பாலில் உள்ள பப்பெயின் அழுகிய சதையைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் அது கலந்த புண் மருந்துகளால் கடுமையான ஒவ்வாமை வந்ததால், அனுமதி பெறாத அந்த மருந்துகளை 2008-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நிறுத்தச் சொன்னது. 'தாவர ஸ்டெம் செல்' என்று விலை வைத்து விற்கும் கிரீம்களையும் நம்பாதீர்கள். ஆப்பிளின் உயிரணு மனிதத் தோலாக மாறவே மாறாது!

இந்த அறிகுறிகள் தெரிந்தால் ஒரு ராத்திரிகூடத் தள்ளிப்போடாதீர்கள். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுகிறதா? கால் வீங்கிச் சூடாக இருக்கிறதா? நாற்றம் வருகிறதா? ஓரம் கறுக்கிறதா? காரணமில்லாமல் சர்க்கரை எகிறுகிறதா? நடுக்கத்தோடு காய்ச்சலா? எல்லாம் அவசரம். அழுத்தினால் தோலுக்கடியில் நறநறவென்று சத்தம் கேட்டாலோ, தாடை இறுகி வாய் திறக்க முடியாமல் போனாலோ, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இத்தனையும் வரட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர் பாதத்தில் புண் என்றாலே, மிளகளவு இருந்தாலும், டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அதுவரை சுத்தமான ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். சுத்தமான துணியால் மூடுங்கள். வேறு எதுவும் வேண்டாம். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று ஞாபகமில்லையா? டாக்டரிடம் சொல்லுங்கள். சூடுபட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். இட்லி மாவு, பேனா மை, பற்பசை எதுவும் கூடாது.

ஏற்கெனவே இலை கட்டியிருந்தால் அதைச் சுரண்டி எடுக்காதீர்கள், பொருக்கோடு சதையும் வந்துவிடும். அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன இலை, எத்தனை நாள் கட்டினீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று பயந்து மறைக்காதீர்கள். எதை வைத்தோம் என்று தெரிந்தால்தான் அவர்கள் சரியான மருந்தைத் தொடங்க முடியும்.