சாவி சரி, கார் ஏன் கிளம்பவில்லை?

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த 2024 நவம்பர் 30, டிசம்பர் 1-ஐ ஒட்டி, விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே உள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் தண்ணீரில் நிற்கும் கார்களில் திருட்டுத் தடுப்புக் கருவியும் பழுதாகலாம்.

‘இம்மொபிலைசர்’ என்பது அதன் பெயர். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசிமணி அளவில் ஒரு சிப் இருக்கும். அந்தச் சிப்புக்கு பேட்டரி தேவையில்லை. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் தரும் சக்தியிலேயே தன் குறியீட்டைச் சொல்லும். குறியீடு பொருந்தாவிட்டால் இன்ஜின் ஓடாது.

வெள்ளத்தில் நிற்காத காரில், டேஷ்போர்டில் சாவிப் படம் விடாமல் மின்னினாலோ, இன்ஜின் பிடித்த கையோடு அணைந்தாலோ முதலில் மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதில் கிளம்பினால் கோளாறு பழைய சாவியில். இரண்டிலும் கிளம்பாவிட்டால் கார் பேட்டரியை அளக்கலாம். நல்ல பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். பட்டன் ஸ்டார்ட் கார்கள் பலவற்றில், ரிமோட்டின் பேட்டரி தீர்ந்திருந்தால் ரிமோட்டைப் பட்டனோடு ஒட்டிப் பிடித்தாலே போதும்.

ஆனால், வெள்ளத்தில் நின்ற காரில் சாவியையே திருப்பக் கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, கனெக்டர்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்று மெக்கானிக் பார்த்த பிறகே மின்சாரம் தர வேண்டும். வயரை வெட்டி ‘நேரடியாக’ இணைப்பது கூடவே கூடாது. புதிய சாவியை ஸ்கேனர் மூலம் காரில் பதிவுசெய்வதே முறை.